இரண்டு அஸர்களுக்கு இடையில்

யட்டவத்தயிலிருந்து வந்த பெண்கள் மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்ததுமே ஸரீனா மாமி கதையைத் தொடங்கிவிட்டாள். அவள் பக்கத்து வீட்டுக்காரி. றிஸ்வான் கத்தாரில் மவுத்தான செய்தி வந்த நாளிலிருந்து இந்த வீட்டு முன்னறையில் ஒரு கதிரை அவளுக்கென்று ஆகியிருந்தது. றிஸ்வானின் தங்கை ஜஸ்லா குசினியில் பிளேன்டி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கோப்பையாக நிரப்பும்போதும் கதை எந்த இடத்துக்கு வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் கோப்பையில் றிஸ்வானின் மனைவி நஸ்மியா பின்வளவில் சாக்கு விரித்துக் கராம்பு காயப்போட்டிருப்பாள். அடுத்ததில் பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும். அதற்கடுத்ததில் முன்கேட் திறக்கும் சத்தம், அதன் பிறகு அந்தச் செருமல்.

"அவன் வீட்டுக்குள்ள வார முந்தி எப்பவும் ஒருக்கா செருமுவான். உள்ள பொம்புளயள் ஈந்தா முக்காட்ட இழுத்துப் போட்டுக்கட்டும் எண்டு. அதே செருமல். இவ ஓடி வந்து பாத்தா கேட் சாத்தினபடி ஈக்கி, ஆளில்ல. நான் மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து, என்ன நஸ்மியா எண்டு கேட்டேன். மாமி, இவரு வந்த மாதிரி ஈந்திச்சி எண்டு சொல்றா. மொகம் வெளுத்துப் போய்ட்டு. அங்க பாத்தா அஸர் தொழுதிட்டு வாகனத்த எடுத்து ரோட்டுக்கு ஏறின ஒடனதானே எக்சிடன். அதே அஸர். மனிசன் பொண்டாட்டிக்கு ஒரு சலாம் சொல்லிட்டுத்தான் போயீக்கான்."

வந்தவர்கள் சுப்ஹானல்லாஹ் என்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜஸ்லா தட்டத்தோடு வந்தபோது, அந்தக் கண்ணைத் துடைத்த பெண், மகள் நீங்க சயன்ஸ் படிச்ச புள்ளயாமே, இதுக்கெல்லாம் சயன்ஸ்ல என்ன சொல்றாங்க என்று கேட்டாள். ஜஸ்லா கோப்பையை நீட்டியபடி தெரியாது என்றாள்.

"இவட வாயத் தொறக்க டிக்கட் எடுக்கணும்" என்றாள் ஸரீனா மாமி. "கெம்பஸ்ல நாலு வருஷம் யாரோட என்ன பேசினாவோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

முன்னறைக்கும் நஸ்மியாவின் அறைக்கும் நடுவே திரை தொங்கியது. நஸ்மியா அதற்குப் பின்னால் வெள்ளை உடுத்து இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், அலங்காரம் இல்லாமல் நான்கு மாதத்துக்கும் மேல் இருக்கவேண்டிய காலம். பெண்கள் மட்டும் திரையை விலக்கி உள்ளே போய்க் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம். ஸரீனா மாமி கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் யாரும் உள்ளே போனார்கள். கதை கேட்டுவிட்டுப் போகிறவர்களின் முகம் வேறு மாதிரி இருந்தது. வெறுமனே பரிதாபப்பட வந்தவர்கள், ஏதோ ஒன்று நடந்த இடத்தைப் பார்க்கப் போவதுபோலப் போனார்கள். நஸ்மியாவுக்கும் அது பிடித்திருந்தது. அவள் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஓம், செருமினாரு, நான் கேட்டேன் என்று மட்டும் சொல்வாள்.

றிஸ்வான் ஜஸ்லாவின் ஒரே நானா. தோஹாவில் தண்ணீர்ப் போத்தல் விநியோகிக்கும் வேன் ஓட்டினான். கல்யாணமாகி மூன்று வருஷம். நஸ்மியாவும் அவனும் ஒரே கூரையின் கீழ் இருந்த மாதங்கள் மிகக் குறைவு. ஜனவரியில் ஒருநாள் இரவு இஷாத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த மஹ்ரூப் அங்கிருந்து வீட்டுக்குப் போன் எடுத்தான். அஸர் தொழுதுவிட்டு வெளியே போனான், போன கொஞ்ச நேரத்தில் நடந்தது என்றான். கடதாசி வேலைகளை நினைத்தும், ஜனாஸாவைக் காக்கவைக்கக்கூடாது என்றும் அங்கேயே அடக்கிவிட முடிவானது. உக்குவளை வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு வீடியோ மட்டும்தான். மணல், காற்றின் இரைச்சல், நிறைய ஆண்களின் முதுகுகள். உம்மா அதைப் பலமுறை பார்த்தாள். ஒருமுறைகூட அதில் மகனின் முகம் வரவில்லை. ஆகவே அந்தச் செருமல்தான் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த அவன். உம்மா அதை அப்படித்தான் வைத்திருந்தாள். காலையில் முற்றம் கூட்டும்போது கேட்டடியில் மட்டும் தண்ணீர் தெளித்துக் கூட்டினாள்.

செய்தி வந்த முதல் வாரத்திலேயே ஜஸ்லாவுக்குக் கணக்கு இடித்தது. அவள் அதைத் தேடிப் போகவில்லை. தொழுகைக்கு நின்றபோது தானாக வந்தது. அஸர் என்பது நிழலின் நேரம். சூரியன் சரிந்து, நிழல் நீண்டு ஓர் அளவுக்கு வந்ததும் பாங்கு சொல்வார்கள். அந்த நிழல் கிழக்கிலிருந்து மேற்காக ஊர் ஊராக நகர்கிறது. உக்குவளையில் அஸர் பாங்கு சொல்லும்போது தோஹாவில் வெயில் உச்சியைவிட்டு இறங்கத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். அங்கே அஸர் வருவதற்கு இங்கே சூரியன் மறையும் மஃரிப் நேரம் நெருங்கவேண்டும். மத்திய கிழக்கில் ஆள் இருக்கும் எந்த வீட்டிலும் இது தெரியாத விஷயமில்லை. நஸ்மியா அந்த இரண்டரை மணித்தியால வித்தியாசத்தை வைத்துத்தான் மூன்று வருஷம் குடும்பம் நடத்தினாள். ஆனால் துக்கத்தில் யாரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. இங்கே அஸர், அங்கேயும் அஸர். எல்லோரும் ஒரே திசையை நோக்கி நின்று தொழுகிற தொழுகை. ஒரே நேரம் என்று மனது எடுத்துக்கொண்டது.

நஸ்மியா செருமலைக் கேட்டபோது றிஸ்வான் உயிரோடு இருந்தான்.

ஜஸ்லா இதை யாரிடமும் சொல்லவில்லை. பேசாமலிருப்பது அவளுக்குக் கஷ்டமான காரியமல்ல. பேராதனையில் பௌதிகவியல் படித்த நான்கு வருஷமும் அவள் விரிவுரை மண்டபத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை, விரிவுரையாளர் காலத்தை நாலாவது பரிமாணமாக எழுதிக்காட்டிய நாளில், அவளுக்கு ஒரு கேள்வி வந்தது. கரும்பலகையில் இருந்த சமன்பாடுகளில் நேற்றும் நாளையும் இருந்தன. 'இப்போது' என்று ஒன்று எங்கும் இல்லை. அப்படியென்றால் இப்போது என்ற உணர்வை நாம் எங்கிருந்து கொண்டுவருகிறோம்? அது வெளியே இருக்கிறதா, நமக்குள்ளேதான் இருக்கிறதா? கையை உயர்த்த நினைத்தாள். கை மேசையிலேயே கிடந்தது. மணி அடித்தது. பட்டம் பெற்று வந்து, நியமனத்துக்காகக் காத்திருந்து, மாத்தளையில் ஒரு டியூசன் வகுப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சையில் வருவது போதும்.

அலுவிகாரையில் இருக்கும் சாச்சியின் மகள் நுஸ்லா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டாள். நீல நிறத்தில் சுழலும் ஏதோ ஒன்று, பின்னால் ஒரு ஆணின் கனத்த குரல். நாலாவது பரிமாணத்தில் நேரம் ஒரு அறைபோல இருக்கிறது, மனித மனம் சில வேளைகளில் அந்த அறைக்குள் நுழைந்துவிடுகிறது, இறக்கும் தறுவாயில் இருப்பவர்கள் தூரத்திலுள்ள உறவினரின் வீட்டுக் கதவைத் தட்டிய சம்பவங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, விஞ்ஞானிகள் இதை மறைக்கிறார்கள். இது நஸ்மியா மதினிக்காக என்று நுஸ்லா கீழே எழுதி ஒரு இருதயமும் வைத்திருந்தாள். ஜஸ்லா பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை, உம்மா மீன்காரனிடம் போயிருந்தபோது, நஸ்மியா திரைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். ஜன்னலில் பாதையால் போகிறவர்கள் பார்க்காதபடி துணி கட்டியிருந்ததால் அந்த அறையில் பகலிலும் வெளிச்சம் மங்கல். நஸ்மியா கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். இந்த நாட்களில் மெலிந்து, கழுத்தெலும்பு தெரிந்தது. போனைக் காட்டினாள்.

"இதப் பத்தி நீங்க படிச்சீக்கா?"

ஜஸ்லா, இந்த வீடியோவில் சொல்வது சரியில்லை, ஆனால் நாலாவது பரிமாணம் என்று ஒன்று இருப்பது உண்மை, அது காலம்தான் என்றாள். அத்தோடு எழுந்து போய்விடத்தான் நினைத்தாள். ஆனால் நஸ்மியா தள்ளி உட்கார்ந்து கட்டிலில் இடம் விட்டாள். சொல்லுங்க, எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க என்றாள். ஜஸ்லாவிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் உட்கார்ந்தாள்.

மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வருவதை வைத்துச் சொன்னாள். உக்குவளைக்கு வந்ததும் மாத்தளை அழிந்து போவதில்லை. நாம்தான் அங்கே இல்லை. காலமும் அப்படியானதுதான் என்று நம்புகிற விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். நேற்று என்பது முடிந்துபோனதல்ல, அது இருந்த இடத்தில் இருக்கிறது. நடந்த எல்லாமும் அப்படியே இருக்கிறது.

நஸ்மியா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப எங்கட கலியாண நாள்?"

"ஈக்கி மதினி."

"அவரு கடசியாப் போகக்குள்ள, எயார்போட்ல கண்ணாடிக்கு அங்கால போய் திரும்பிப் பாத்தாரே. அது?"

"அதும் ஈக்கி."

நஸ்மியா சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு, சத்தம் வராமல், ஒரு கெட்டிக்காரத்தனத்தைக் கண்டுபிடித்தவள்போல. ஜனவரிக்குப் பிறகு ஜஸ்லா அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. தன் நான்கு வருஷப் படிப்பும் இந்த ஒரு அறைக்காகத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. காது சூடானது. வார்த்தைகள் தாமாக வந்தன. பிறகு பல நாள் அவள் திரும்பிப் பார்த்தது இந்த இடத்தைத்தான். இங்கே நிறுத்தியிருக்கலாம். சிரித்த இடத்தில் எழுந்து, தேத்தண்ணி ஊத்தட்டா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

அவள் போகவில்லை. இன்னும் ஆச்சரியமான ஒன்று இருக்கிறது என்றாள். இப்போது என்று எல்லோருக்கும் பொதுவாக ஒன்று கிடையாது, எனக்கு இப்போது என்பது வேறு, தூரத்தில் போய்க்கொண்டிருக்கிற ஒருவருக்கு வேறு. நஸ்மியாவின் முகத்தில் விளங்கவில்லை என்பது தெரிந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிப் பார்த்தால் அவள் வழக்கமாக அதன் வீட்டிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுப்பாள். அதையேதான் செய்தாள்.

"இப்ப பாருங்க மதினி, இங்க எங்களுக்கு அஸர் பாங்கு சொல்ற நேரம் கத்தார்ல..."

நிறுத்திவிட்டாள். ஆனால் நஸ்மியா அந்த வசனத்தை எடுத்து முடித்தாள். மூன்று வருஷப் பழக்கம்.

"லுஹர் தொழுது சோறு தின்ற நேரம். அப்பதான் நான் போன் எடுக்கிற."

சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடே இருந்தாள். சிரிப்பு உடனே போகவில்லை. அது முகத்தில் தங்கியிருக்க, கண் மட்டும் வேறெங்கோ போனது. கண்டிக்குப் போகும் ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"மஹ்ரூப் சொன்னது அங்கத்த அஸரா, இங்கத்த அஸரா?" என்றாள் நஸ்மியா.

இங்கத்த அஸர் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். மஹ்ரூப் இந்த நாட்டுக்காரன், வீட்டு நேரத்தைச் சொல்லியிருப்பான் என்றால் நஸ்மியா நம்பியிருப்பாள். நம்ப விரும்பித்தான் கேட்டாள். ஜஸ்லா பேசாமல் இருந்தாள். அவளுடைய பேசாமை எல்லோருக்கும் பழகிய ஒன்று. அன்று மட்டும் அது ஒரு பதிலாக ஆனது.

"போன் என்ட கையில ஈந்திச்சி, ஜஸ்லா."

அதை அவள் முன்பு ஒருநாளும் சொன்னதில்லை. ஸரீனா மாமியின் கதையிலும் போன் இல்லை. அந்தக் கதைக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் அதில் செருமல் கேட்ட நேரத்தில் போனில் பேசுவதற்கு அங்கே ஆள் உயிரோடு இல்லை. நஸ்மியா சொல்லச் சொல்ல அது கதைக்குள்ளே வந்தது. கேட்டடியில் ஆளில்லை என்று கண்டதும் உள்ளே போய்ப் போனை எடுத்தாள். அவன் பெயரில் விரல் வைத்தாள். மேற்குப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கராம்பு நனைந்தால் பூசணம் பிடித்துவிடும், அதை அள்ளி வைத்துவிட்டு எடுப்போம் என்று போனை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அள்ளினாள். தொழுதாள். உம்மா தேங்காய் துருவச் சொன்னாள். பிறகு மறந்துபோனாள்.

"எடுத்தீந்தா பேசிக்கிட்டு ஈந்தீப்பாரு. பேசினா அவரு லேசில வெக்க மாட்டாரு. தொழவும் பிந்தியீக்கும். ரோட்டுக்கு ஏறவும் பிந்தியீக்கும்."

ஜஸ்லா அப்போதுதான் அவசரப்பட்டாள். அது தற்செயல் மதினி என்றாள். கேட் காற்றுக்குச் சத்தம் போடும், பாதையால் போகிற யாரும் செருமலாம், ஒவ்வொரு நாளும் நாம் எத்தனையோ சத்தங்களைக் கேட்டு மறந்துவிடுகிறோம், பிறகு ஏதாவது நடந்தால் அதோடு பொருந்துகிற ஒன்றை மட்டும் மனது எடுத்து வைத்துக்கொள்கிறது. மெல்லிய குரலில், கோர்வையாகச் சொன்னாள். சொன்னது எல்லாம் சரி. நஸ்மியா முழுவதையும் கேட்டாள்.

"அப்ப அவரு வரல்ல."

ஜஸ்லா அவளைப் பார்த்தாள்.

"ஒண்டே ஒண்டு சொல்லுங்க. அவரு வந்தாரெண்டா, வந்து கூப்பிட்டும் நான் கராம்பு அள்ளப் போனேன். வரல்லயெண்டா, எனக்கிட்ட ஒண்டும் சொல்லாமப் போய்ட்டாரு. ரெண்டுல எது? நீங்க படிச்சீக்கிறீங்க. சொல்லுங்க."

"தெரியா மதினி."

அது உண்மை. அதைவிட நேர்மையான பதில் அவளிடம் இருக்கவில்லை. நஸ்மியா தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று டியூசன் வகுப்பில் ஜஸ்லா ஒரு எளிய கணக்கை இரண்டு முறை பிழையாகச் செய்தாள். பஸ்ஸில் திரும்பும்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. அவள் எடுத்த உதாரணமே பிழை. ஊருக்கு ஊர் மணி மாறுவதற்கும் நாலாவது பரிமாணத்துக்கும் சம்பந்தமில்லை. அது வெறுமனே சூரியனும் மணிக்கூடும். அவள் சொல்ல வந்தது வேறு, கடினமானது, ஒரு பிள்ளைக்குக்கூடப் பஸ் கதையில் விளங்கவைக்க முடியாதது. பரீட்சையில் யாராவது இந்த உதாரணத்தை எழுதியிருந்தால் புள்ளி கொடுத்திருக்க மாட்டாள். ஒரு பிழையான உதாரணத்துக்காக, மறைத்துவைத்திருந்த நேரக்கணக்கைச் சொல்லியிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே கடைகளும் மிளகுக்கொடி படர்ந்த மரங்களும் பின்னால் போயின. அவை எல்லாம் அழியாமல் அங்கேயே இருக்கின்றன என்று சொன்னவள் அவள்தான். அப்படியென்றால் நஸ்மியா போனை ஜன்னல் விளிம்பில் வைத்த நொடியும் அங்கேயே இருக்கிறது. அதுவும் அழியாது. கலியாண நாளைக் கொடுத்தபோது அதையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை வத்தேகமயிலிருந்து உம்மாவின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஸரீனா மாமி தன் கதிரையில் முன்னால் நகர்ந்து, நஸ்மியா பின்வளவுல கராம்பு காயப்போட்டுட்டு என்று தொடங்கினாள். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாமி, அதச் சொல்லாதீங்க. அது பூனயா ஈக்கும்."

ஸரீனா மாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"பூன செருமுமா புள்ள?"

யாரும் சிரிக்கவில்லை. மாமி கொஞ்ச நேரம் முக்காட்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போனாள். அன்றைக்குப் பிறகு அவள் வருவது குறைந்தது. வந்தவர்கள் வழக்கமான ஆறுதலைச் சொன்னார்கள். அல்லாஹ் எழுதியது, நேரம் வந்துவிட்டது, சபூராகப் பொறுத்துக்கொள்ளவேண்டும். நஸ்மியா எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். எழுதியது மாறாது என்பதை அவள் சிறுவயதிலிருந்தே நம்பினாள், இப்போதும் நம்பினாள். ஜன்னல் விளிம்பில் போனை வைத்த கை மட்டும் அந்த நம்பிக்கைக்குள் அடங்க மறுத்தது.

உம்மா அன்று ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் குசினியில், கீரை ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"மகள், நீ அவளுக்கு என்னத்தச் சொன்ன?"

ஜஸ்லா சொன்னாள். நேரக்கணக்கை மட்டும் சொன்னாள், பரிமாணத்தை விட்டுவிட்டாள். உம்மாவின் கை கீரைத்தண்டில் நின்றது. உம்மா கணக்கைப் போட்டுப் பார்க்கிறாள் என்பது தெரிந்தது. உதடு அசைந்தது. மஹ்ரூப்பின் போன், அங்கத்த மணி, இங்கத்த மணி. போட்டு முடித்ததும் அவள் முகம் சின்னதாகிப்போனது. அந்தச் செருமலில் தனக்கும் ஒரு பங்கு வைத்திருந்தவள் அவள். மகன் மனைவியைத் தேடி வந்திருந்தாலும் உம்மா வீட்டுக் கேட்டைத்தான் திறந்தான்.

"ஒன்ட வாப்பா போன நேரமும் நீ அழுது ஒரு வார்த்த பேசல்ல. நானா போன நேரமும் பேசல்ல" என்றாள் உம்மா. குரலில் கோபமில்லை. "பேசினது இது ஒண்டுதானே, மகள்."

ஜஸ்லா குந்தியிருந்து, சிதறிய கீரையைப் பொறுக்கினாள்.

"போய்ச் சொல்லு. கணக்கு பிழச்சிட்டு எண்டு சொல்லு. நீ சொன்னா நம்புவா."

"பொய்தானே உம்மா."

"ஓம். பொய்தான்."

அன்று பின்னேரம் முழுவதும் ஜஸ்லா அந்தப் பொய்யைக் கட்டினாள். மஹ்ரூப்போடு பேசினேன் என்று தொடங்கவேண்டும். அன்று அவனுக்கு மனது குழம்பி நேரம் மாறிவிட்டது, அஸர் என்று சொன்னது பிழை, லுஹர் தொழுதுவிட்டுத்தான் நானா போனார். சோறு தின்ற உடனே. அப்படியென்றால் செருமல் கேட்ட நேரமும் அதுவும் ஒன்றுதான். அதை எந்தப் பக்கத்திலிருந்து இடித்தாலும் விழாதபடி பார்த்தாள். விடையைத் தெரிந்துகொண்டு வழியைப் பின்னாலிருந்து எழுதுகிற பிள்ளைகளை அவள் கண்டித்திருக்கிறாள். இப்போது அது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. வாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தன் குரல் தனக்கே நம்பும்படியாக இருந்தது. வெயில் பின்வளவிலிருந்து முற்றாகப் போயிருந்தது. மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. எழுந்து நஸ்மியாவின் அறைக்குப் போனாள்.

திரைக்கு இப்பாலேயே குரல் கேட்டது. அரபியில் ஒரு பெண் ஏதோ சொல்லி, அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தொடர்புகொள்ள முடியாது. சிறிய இடைவெளி. மறுபடி அதே பெண். ஜஸ்லாவுக்குப் புரிந்தது. சில நாட்களாகவே இந்த நேரத்தில் நஸ்மியா திரையை இழுத்து மூடிக்கொள்வதை உம்மாவும் அவளும் தொழுகைக்கு என்று நினைத்திருந்தார்கள். இங்கே அஸர் முடிந்து, அங்கே அஸர் வராத அந்த இடைவெளி. நஸ்மியா ஒவ்வொரு நாளும் அதற்குள் போய் உட்கார்ந்து, அன்று எடுக்காத போனை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜஸ்லா திரையை விலக்கினாள். நஸ்மியா நிமிர்ந்து பார்த்தாள். மறைக்கவில்லை. போன் மடியில் இருந்தது, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்திருந்தாள். மறுபடி விரலை வைத்தாள்.

"மதினி, மஹ்ரூப்..." என்று ஜஸ்லா தொடங்கினாள்.

இந்த முறை அந்தப் பக்கத்தில் மணி அடித்தது.

இருவரும் போனைப் பார்த்தார்கள். அது கம்பனி கொடுத்த இலக்கம், வேனோடு சேர்ந்தது என்று நானா முன்பு சொல்லியிருந்தது அப்போதுதான் ஜஸ்லாவுக்கு ஞாபகம் வந்தது. புது ஆள் எடுத்திருப்பார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நஸ்மியா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டாள்.

"ஹலோ" என்றது ஒரு ஆண் குரல். இளம் குரல். பின்னால் பெரிய வாகனங்கள் இரைந்து போயின. "ஹலோ? கோன்?" யாரென்று ஹிந்தியில் கேட்டான்.

இத்தாவில் இருக்கும் பெண் அந்நிய ஆணோடு பேசுவதை உம்மா கேட்டால் என்ன ஆகும் என்று ஜஸ்லா நினைத்தாள். போனை எடுத்துத் துண்டிக்கக் கை நீட்டினாள். நஸ்மியா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அஸருக்குப் பொறகு ரோட்டுக்குப் போவாதீங்க" என்றாள் போனிடம். "கொஞ்சம் நிண்டு போங்க. அவசரமில்ல."

அந்தப் பக்கம் ஒன்றும் விளங்கவில்லை. அவன் தன் பாஷையில் எதையோ கேட்டான். நஸ்மியா அதையே சிங்களத்தில் சொன்னாள். பிறகு மறுபடி தமிழில், இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. சொல்லும்போது குரல் உடைந்தது. அவன் பேச்சை நிறுத்தினான். வைத்துவிடுவான் என்று ஜஸ்லா எதிர்பார்த்தாள். கட்டி வைத்திருந்த பொய் வாய்க்குள் இருந்தது, அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவன் வைக்கவில்லை. ஸிஸ்டர் என்று ஒருமுறை சொன்னான். போனுக்குள் வாகனத்தை ஓரங்கட்டும் பக்க விளக்கு டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. பிறகு எஞ்சின் அணைந்தது. அந்த அமைதிக்குள் நஸ்மியா அழுவதை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள், இன்னொருவரும் சேர்ந்து அடித்தார்கள். அவன் நகரவில்லை.